முட்டு எங்கங்க?

இது நடந்தது. யாரோ சொல்லி நான் கேட்டது இல்லை, எனக்கே நடந்தது. நம்ப விருப்பமில்லாதவர்கள் இத்தோடு எழும்பிப் போகலாம். எனக்கு அதில் ஒரு கவலையும் இல்லை.

பேய் என்றால் நடுச்சாமத்தில் வரும், நாய் ஊளையிடும், கொலுசுச் சத்தம் கேட்கும் என்றுதானே சொல்வார்கள்? மண்ணாங்கட்டி. எனக்கு வந்தது பகல் சோறு தின்றுவிட்டு வேலைக்கு இறங்கிய நேரத்தில். நாயும் இல்லை, கொலுசும் இல்லை. ஹைட்ரோலிக் எண்ணெய் நாற்றம் மட்டும்தான் இருந்தது.

என் பெயர் வைரவன். ஹட்டனில் மண் வெட்டுகிற, மண் அள்ளுகிற மெஷின்களைத் திருத்துகிறவன். கோபக்காரன் என்று பெயர் எடுத்தவன். "ஒங்க ஸ்பானரை விட ஒங்க வாய்தான் கூட வேலை செய்யுது" என்பாள் என் மனைவி பிரேமினி. சொல்லிவிட்டுப் போகட்டும். இந்தக் கதையையும் கோபத்தோடுதான் சொல்லப் போகிறேன். அன்றைக்கு வந்த பயம் போய்விட்டது. கோபம் இன்னும் போகவில்லை.

இது நடந்த தேயிலைத் தோட்டத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். பொகவந்தலாவைப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் தங்கச்சி கோசலாவை அங்கேதான் கட்டிக் கொடுத்திருக்கிறோம்.

போன வருசக் கடைசியில் மழை விடாமல் அடித்தது. கோசலா குடும்பம் குடியிருக்கிற மேட்டு லயத்துக்குப் போகிற ஒரே ரோட்டில் மண்சரிவு. கோசலாவுக்கு நிறைமாதம். காலையில் அவள் புருசன் போனில் கோல் எடுத்தான்.

"மச்சான், வலி கண்டிருச்சு. அம்புலன்ஸ் மண்ணுக்கு அந்தப் பக்கமே நிக்குது. தூக்கிக்கிட்டு எறங்கலாம்னு பார்த்தா மண்ணு இன்னும் வழுக்கிக்கிட்டே இருக்கு. என்னா செய்யிறதுன்னே தெரியல மச்சான்."

பெரிய மெஷின்கள் எல்லாம் மெயின் ரோட்டுச் சரிவுகளுக்குப் போயிருந்தன. தோட்டத்தில் மிஞ்சியது தேயிலைப் பெக்டரியில் கிடந்த ஒரு பழைய குட்டி லோடர். ஆள் உட்காருகிற கூண்டு நடுவில். கூண்டுக்கு இரண்டு பக்கமும் இரண்டு இரும்புக் கைகள். முன்னால் மண் அள்ளுகிற வாளி. அந்த மாதிரி இடுக்கு ரோட்டில் வேலை செய்ய அதைவிட நல்ல மெஷின் இல்லை. ஆனால் அதற்கு வால்வு ஒழுகியது. கையைத் தூக்கினால் நிற்காது, தன்பாட்டில் இறங்கும். அள்ளிய மண்ணைக் கொட்டப் போவதற்குள் வாளி தரைக்கு வந்துவிடும். வால்வைத் திருத்தினால்தான் ரோடு திறக்கும். ரோடு திறந்தால்தான் என் தங்கச்சி ஆஸ்பத்திரி போய்ச் சேருவாள்.

நான் போய்ச் சேரும்போது பகல் இரண்டு மணி. பெக்டரி முற்றம் முழுக்கப் பனிமூட்டம். பத்தடி தள்ளி நிற்கிற கொழுந்து லொறி கண்ணுக்குத் தெரியவில்லை. மழையால் கொழுந்து இல்லை, பெக்டரி ஓடவில்லை. முற்றத்து மூலையில் ரோதமுனிக்குப் போட்ட விளக்கு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. ரோதமுனி பெக்டரி மெஷின்களுக்குக் காவல் சாமி. நானும் லயத்தில் பிறந்தவன்தான். அந்தப் பக்கம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேலைக்கு வந்தேன்.

லோடர் ஓட்டுகிற துஷாந்த் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றான். இரண்டு பிள்ளைக்காரன், நல்ல மனுசன்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். வால்வு இருப்பது ஓட்டுகிறவனின் சீட்டுக்கு அடியில். கைகளை மேலே தூக்கி நிறுத்த வேண்டும். கூண்டைப் பின்னால் சாய்க்க வேண்டும். பிறகு தூக்கி நிற்கிற கைகளுக்கும் வாளிக்கும் கீழே குனிந்து உள்ளே போக வேண்டும். வால்வைக் கழற்றினால் கையைப் பிடித்து வைக்க எண்ணெய் இருக்காது, அத்தனை பாரமும் கீழே வரும். அதனால் மெஷினோடேயே ஒரு இரும்பு தந்திருப்பார்கள். ஓடு மாதிரி வளைந்த, இரண்டரை அடிச் சிவப்பு இரும்பு. கையைத் தூக்குகிற தண்டின் மேல் அதை மாட்டிவிட்டால் கை இறங்காது. நாங்கள் முட்டு என்போம்.

"முட்டு எங்கடா?"

துஷாந்த் தரையைப் பார்த்தான்.

"கேக்குறது காதுல விழலயா? முட்டு எங்க?"

"அது... இல்லண்ணே."

"இல்லன்னா? வித்துத் தின்னுட்டீங்களா?"

"நான் வேலைக்கு வந்த காலத்துலேருந்தே இல்லண்ணே. வேற எதுக்கோ எடுத்துட்டாங்க." சொல்லும்போது அவன் கண் ஒரு தடவை முற்றத்து மூலைக்குப் போய் வந்தது. அப்போது நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. தோட்டத்துரையில் தொடங்கி பெக்டரி ஐயா வரைக்கும் ஒருத்தரையும் விடாமல் திட்டித் தீர்த்தேன். திட்டி முட்டு வருமா? கடைசியில் துஷாந்த் விறகு அடுக்கிலிருந்து ஒரு கம் மரக் கட்டையை உருட்டிக்கொண்டு வந்தான். மழையில் ஊறிய கட்டை. இடது பக்கக் கைக்குக் கீழே அதைச் செங்குத்தாக நிறுத்தி, ஆட்டிப் பார்த்தேன். நின்றது. வேறு நாளாக இருந்தால் சாமானைத் தூக்கிக்கொண்டு ஹட்டனுக்குத் திரும்பியிருப்பேன்.

முற்றத்தில் போனுக்கு சிக்னல் இல்லை. "ரோட்டு வளைவுல சிக்னல் கிடைக்கும், அங்க போய் கோசலா எப்படி இருக்கான்னு கேட்டுக்கிட்டு வா. ஓடு" என்று துஷாந்தை அனுப்பினேன்.

அவன் மூட்டத்துக்குள் போனான். செருப்புச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

நான் உள்ளே புகுந்தேன்.

வால்வுக்குள் ஓடுகிற தண்டை இழுத்து எடுத்ததும் எண்ணெய் குபுக்கென்று கொட்டி அடங்கியது. மேலே இரும்பு ஒரு தடவை முனகியது. பாரம் இப்போது முழுக்கக் கட்டையின் மேல்.

எண்ணெய் ஒழுகாமல் அடைக்கிற ரப்பர் சீலைப் பார்த்தேன். பற்றிக்கொண்டு வந்தது. ஓ-ரிங் இருக்க வேண்டிய இடத்தில் எவனோ சைக்கிள் டியூபை வெட்டி வைத்திருந்தான். இந்த அழுத்தத்துக்கு டியூப் எத்தனை நாள் தாங்கும்?

"எவன்டா இந்த வேலையப் பார்த்தவன்?" என்று உள்ளே இருந்தபடியே கத்தினேன். "கையில மட்டும் கிடைச்சான்னா இந்த டியூபை அவன் வாயிலயே திணிப்பேன்!"

தொப்...

ஈர மண்ணில் என்னவோ விழுந்தது. தலைக்கு மேலே இரும்பு க்றீச் என்று ஒரு சத்தம் போட்டது. உடனே நின்றுவிட்டது.

"வந்துட்டியா? என்னத்தப் போட்டு ஒடைக்கிற? கோசலா எப்படி?"

மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. நிறை மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு மேடு ஏறுகிறவன் விடுகிற மூச்சு.

ம்ஹ்ம்... ம்ஹ்ம்...

மெஷினின் இடது கைக்குக் கீழே இருந்த இடைவெளியால் பார்த்தேன். இரண்டு கால்கள் தெரிந்தன. முழங்கால் வரைக்கும் கொங்காணிச் சாக்குத் தொங்கியது. மழைக்குப் போட்டிருக்கிறான் என்று நினைத்தேன். காலில் கறுப்பு ரப்பர் பூட்ஸ்.

துஷாந்த் செருப்போடு அல்லவா போனான்?

"முட்டு எங்கங்க?"

மெதுவான குரல். மரியாதையான குரல்.

எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்காதீர்கள். "அதைத்தான்டா நானும் வந்ததுலேருந்து கேக்குறேன்! என்னையே கேக்குறியா? தள்ளி நில்லு, கைக்குக் கீழ நிக்காதே!"

கால்கள் நகரவில்லை. நான் புது ஓ-ரிங்குக்கு எண்ணெய் தடவி ஏற்றினேன். ஒன்று. அடுத்தது. விரல் மரத்துப் போயிருந்தது. குளிர் அப்படி.

அப்போதுதான் ஒரு விசயம் உறுத்தியது. துஷாந்த் வாய் திறந்தால் அண்ணே இல்லாமல் பேச மாட்டான்.

"முட்டு எங்கங்க?"

இந்தத் தடவை குரல் நடுங்கியது. பாரம் தாங்காமல் நடுங்குகிற குரல்.

"யாரு நீங்க?" என்றேன். கோபம் குரலில்தான் இருந்தது. வயிற்றில் இல்லை.

கழுத்தில் ஒரு சொட்டு விழுந்தது. எண்ணெய் என்று துடைத்தேன். சூடாக இருந்தது. என்ஜினை நிறுத்தி எவ்வளவோ நேரமாகிவிட்டது, எண்ணெய் சூடாக இருக்க வழியே இல்லை. விரலால் தேய்த்துப் பார்த்தேன். வழுவழுக்கவில்லை.

வேர்வை.

மறுபடியும் அந்த இடைவெளியால் பார்த்தேன். வலது பூட்ஸ் என்னைப் பார்த்து நின்றது.

இடது பூட்ஸ் பின்பக்கம் பார்த்து நின்றது.

என் கை தன்பாட்டில் வேலை செய்தது. தண்டை உள்ளே தள்ளினேன். மூடியைத் திருகினேன். ஒரு பைப்பை மாட்டினேன். இன்னொன்று...

"முட்டு... எங்கங்க..."

காதுக்குள்.

கால்கள் நின்ற இடத்திலேயே நின்றன. குரல் மட்டும் என் காதுக்குள்.

ஸ்பானரை விட்டேன். முழங்கையால் ஊன்றிப் பின்பக்கமாக வெளியே வந்து விழுந்தேன்.

யாரும் இல்லை.

கட்டை...

கட்டை மண்ணில் படுத்துக் கிடந்தது. ஓரத்தில் சேற்றுத் தண்ணீர் கட்டத் தொடங்கியிருந்தது. அது இப்போது விழுந்த கட்டை இல்லை. அந்தத் தொப் என்ற சத்தம்... அப்போதே விழுந்திருக்கிறது.

கைகள் மேலே நின்றன. எண்ணெய் இல்லை. கட்டை இல்லை. எதுவுமே இல்லாமல் நின்றன.

நான் கால்களை இழுத்துக்கொண்டு இன்னும் ஓரடி பின்னுக்குப் போனேன்.

யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள்.

டமார்!

வாளியும் கைகளும் நான் குனிந்து நின்ற இடத்தில் வந்து இறங்கின. சேறு என் முகமெல்லாம் அடித்தது.

சத்தம் கேட்டு பெக்டரிக்குள்ளிருந்து ஒருவர் ஓடி வந்தார். காவலுக்கு இருந்த ஆண்டியப்பன். ரோதமுனிக்குப் பூசை வைக்கிறவரும் அவர்தான். என்னைப் பார்க்கவில்லை. வாளியைத்தான் பார்த்தார்.

"உள்ள ஆள் இருக்கா? ஐயோ, மறுபடியுமா... உள்ள ஆள் இருக்கா?"

"மறுபடியுமா?" என்று எழும்பினேன். "மறுபடியும்னா என்னா அர்த்தம்?"

அந்த நேரம் துஷாந்தும் ஓடி வந்தான். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. "அண்ணே, கோசலா அக்காவுக்கு வலி கூடிருச்சாம். பனிக்கொடம் ஒடைஞ்சிருச்சாம். சீக்கிரம்ணே."

"கொஞ்சம் முந்தி இங்க யாரு வந்தது? கொங்காணி போட்டுக்கிட்டு, ரப்பர் பூட்ஸோட?" என்று இரண்டு பேரையும் கேட்டேன்.

துஷாந்த் விழித்தான். ஆண்டியப்பன் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

"சோலைமலை" என்றார். "இந்த மெஷினை முந்தி ஓட்டுனவன். ரெண்டு வருசமாச்சு தம்பி. இதே வால்வுதான். சாமான் கேட்டான், குடுக்கல. டியூபை வெட்டிப் போட்டான். கட்டையத்தான் முட்டு வச்சான். வழுக்கிருச்சு."

டியூபை எவன் வாயில் திணிப்பேன் என்று கத்தினேனோ, அவன்.

"ஒடனே போயிட்டானா?"

"இல்ல தம்பி." அவர் கண்ணைத் துடைத்தார். "நாங்க நாலு பேரு ஓடி வந்து மெஷின் கையத் தூக்கிட்டோம். தோள்ல தாங்கிக்கிட்டு நின்னோம். அவன் எடது காலு உள்ள முறுக்கி மாட்டியிருந்துச்சு. அதை எடுக்கக் கொஞ்ச நேரம் வேணும். எங்களால தாங்க முடியல. அவன் முட்டு எங்கங்க, முட்டு எங்கங்கன்னே கேட்டுக்கிட்டு இருந்தான். வேற ஒண்ணுமே கேக்கல."

"முட்டு எங்க இருந்துச்சு?"

அவர் மூலையில் எரிந்த விளக்கைப் பார்த்தார்.

நான் நடந்தேன். தகரக் கூரை. விளக்கு. அரளிப்பூ மாலை. மாலைக்குள்ளே மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, தரையில் நட்டிருந்த இரும்பு. ஓடு மாதிரி வளைந்த இரும்பு. மஞ்சள் உதிர்ந்த இடத்தில் சிவப்பு பெயின்ட் தெரிந்தது.

"பழைய சாமிக்கல்லு ஒடைஞ்சிருந்துச்சு தம்பி" என்று ஆண்டியப்பன் பின்னாலேயே வந்து அழுதார். "அந்த வாரமே லோடர் இந்த வழியாப் போறப்ப ஆணி கழன்டு முட்டு கோயில் வாசல்லயே விழுந்துச்சு. மெஷின் சாமி, மெஷின் இரும்பைக் கேக்குதுன்னு எல்லாரும் சொன்னோம். ஆடு வெட்டி நட்டோம். நட்டப்புறம் அது சாமி. அவன் மாட்டிக்கிட்ட அன்னைக்கு இங்கருந்து பார்த்தா அவன் தெரியிறான். அங்கருந்து பார்த்தா இது தெரியுது. புடுங்க யாருக்கும் கை வரல தம்பி."

"பார்த்துக்கிட்டு நின்னீங்க."

"பார்த்துக்கிட்டுத்தான் நின்னோம்."

என் வாழ்க்கையில் நான் நிறையப் பேரை அடித்திருக்கிறேன். அன்றைக்கு அவரை அடிக்கவில்லை. அடித்தால் நிறுத்தியிருக்க மாட்டேன், அதனால்தான்.

வால்வில் இன்னும் ஒரு வேலை பாக்கி. கைகள் கீழே கிடந்தபடியே பக்கவாட்டில் எட்டிப் பைப்பை மாட்டிவிடலாம், என்ஜினைப் போட்டால் கை ஏறும். ஆனால் கடைசி இறுக்கு, கை மேலே நிற்கும்போது உள்ளே போய்த்தான் கொடுக்க வேண்டும். இனிக் கட்டையை நம்பி எந்த மடையன் போவான்?

மாலையைக் கழற்றி ஓரமாக வைத்தேன்.

"தம்பி, வேணாம்! சாமி குத்தம்!"

"நானும் கும்பிடுறவன்தான்ணே. கோவம்னா முனி என் மேல காட்டட்டும். என் தங்கச்சி மேல நீங்க யாரும் காட்டாதீங்க."

இரும்பைப் பிடித்தேன். பிடிக்கும்போது பார்த்தேன், மஞ்சளுக்கு மேலே எண்ணெய்க் கை பதிந்திருந்தது. கறுப்பாக, இரண்டு கைகள். பெக்டரி ஆட்கள் தொட்டுக் கும்பிட்டிருப்பார்கள் என்று நினைத்தேன்.

மூச்சைப் பிடித்து இழுத்தேன். விழுகிற பால்பல்லு மாதிரி லேசாகக் கையோடு வந்தது.

"சிமெந்து போட்டுல்ல நட்டோம்..." என்றார் ஆண்டியப்பன்.

முட்டைக் கழுவி, புது ஆணி போட்டு, மாட்டினேன். பக்கவாட்டில் எட்டி மிச்சப் பைப்பையும் மாட்டியதும் துஷாந்த் மெஷின் கையைத் தூக்கினான். முட்டு தண்டின் மேல் டக் என்று உட்கார்ந்தது. அந்தச் சத்தத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். உள்ளே போனேன். இறுக்கினேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை.

இருட்டுவதற்குள் துஷாந்த் ரோட்டைத் திறந்துவிட்டான். அம்புலன்ஸ் என்னைத் தாண்டிப் போகும்போது கோசலா உள்ளேயிருந்து ஒரு சத்தம் போட்டாள், அண்ணே என்று. டிக்கோயா ஆஸ்பத்திரியில் அன்றைக்கே பெண் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

பிள்ளைக்கு முப்பது நாள் கழிந்து பெயர் வைத்த அன்றைக்கு மேட்டு லயத்துக்குப் போயிருந்தேன். ஆண்டியப்பனும் வந்திருந்தார். பிளேன்டிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். முகம் சரியில்லை.

"ஒங்களுக்கு நல்லது நடந்திருச்சு தம்பி. எங்க சாமிதான் கோவிச்சுக்கிட்டுப் போயிருச்சு."

"என்னா ஆச்சு?"

"புதுக் கல்லு நட்டோம். மஞ்சள் பூசுறேன், வெளக்குப் போடுறேன். கை விழ மாட்டேங்குது."

"என்னா கை?"

"ஒங்களுக்குத் தெரியாதுல்ல" என்று குரலைத் தாழ்த்தினார். "சோலைமலை போனதுலேருந்து இந்த அதிசயம் நடந்துச்சு. வெள்ளிக்கிழமை அந்தியில இரும்பைக் கழுவி மஞ்சள் பூசிட்டு, கேட்டைப் பூட்டிச் சாவிய மடியில கட்டிக்கிட்டுப் போவேன். காலையில வந்து பார்த்தா எண்ணெய்க் கை பதிஞ்சிருக்கும். ரெண்டு கையும். தவறாம. மெஷின் சாமி எண்ணெய்க் கையால வரம் குடுக்குதுன்னு சேவல் அறுத்துப் படைச்சோம். இப்ப ஒண்ணையும் காணோம்."

எனக்குக் கழுத்தில் அந்தச் சூடான சொட்டு மறுபடியும் விழுந்த மாதிரி இருந்தது.

அந்தக் கைகளை நான் பார்த்தேன். கிட்டத்தில் பார்த்தேன். தொட்டுக் கும்பிட்ட கை அப்படி இருக்காது. பத்து விரலும் இரும்பைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தன. எண்ணெய் கீழேயிருந்து மேலே இழுபட்டிருந்தது. நான் பிடித்ததும் அதே இடத்தில்தான், அதே மாதிரிதான்.

"ஆண்டியப்பண்ணே" என்றேன். "சிமெந்து போட்டு நட்டது எனக்கு எப்படி அவ்வளவு லேசா வந்துச்சுன்னு நீங்க யோசிக்கவே இல்லயா?"

அவர் பிளேன்டியைக் கீழே வைத்தார்.

"அது வரம் குடுத்த கை இல்லண்ணே. புடுங்கப் பார்த்த கை. ரெண்டு வருசமா அவன் வந்து வந்து இழுத்திருக்கான். நீங்க சேவல் அறுத்திருக்கீங்க."